குடத்தில் இட்ட ஓலையும் எங்கள் தெரு வார்டும்

சென்ற பொங்கலை ஒட்டிப் பார்வேட்டை உற்சவத்தைப் பற்றி எழுதியிருந்தேன். காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு வந்து, பாலாற்றைக் கடந்து, எங்கள் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு எழுந்தருளுவதைச் சொல்லியிருந்தேன். அன்று ஆற்றங்கரையில் கூட்டத்தோடு நின்றிருந்தபோது ஓர் உறவினரைப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்பவர். சாமியைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், "மாமா, அடுத்த தேர்தல்ல எங்க வார்டு பெண்கள் வார்டா, பொது வார்டா? ஏதாவது கேள்விப்பட்டீங்களா?" என்றார்.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் பணி பார்க்காத தேர்தலே இல்லை என்று சொல்லலாம். அதனால் எது கேட்டாலும் எனக்குத் தெரியும் என்று உறவினர்களுக்கு ஒரு நினைப்பு. "எனக்கெப்படி தெரியும்? அரசாணை வந்தால்தான் தெரியும்" என்றேன். பக்கத்தில் நின்ற என் பேத்தி, "தாத்தா, உத்திரமேரூர்ல குடத்துல சீட்டு போட்டுத்தானே எடுத்தாங்க? இப்பவும் அப்படியே எடுத்துட்டா சண்டையே வராதுல்ல?" என்றாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. பாடத்தில் படித்திருக்கிறாள்.

அவளுக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. மேளச் சத்தத்தில் பேச்சு போய்விட்டது. இந்தப் பதிவு அவளுக்கான பதில். நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துக்கொண்டு நான் பலமுறை போயிருக்கிறேன். அந்தக் கோயிலின் சுவரில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தார்கள். வெங்கையா அவர்கள் எழுதினார். பிறகு நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார். 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். அதன் பிறகு கோயிலுக்கு வருகிறவர்கள் கூட்டம் அதிகமாகிவிட்டது.

எல்லோருக்கும் "குடவோலை" என்ற சொல் தெரியும். கல்வெட்டில் உள்ள விவரம் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்தை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, மேலே வாயோலையாக எந்தக் குடும்பு என்று எழுதிக் குடத்தில் போடுவார்கள். மகாசபை முழுவதும் கூடவேண்டும், சிறியவர் பெரியவர் எல்லோரும். அன்று ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோருக்கும் தெரியும்படித் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத ஒரு சிறுபிள்ளையை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு காலிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அந்தப் பிள்ளை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கும். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். வேறு ஓலையை விரலிடுக்கில் மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா? அதற்குத்தான். அவன் பெயரைப் படிப்பான். பிறகு மண்டபத்தில் இருக்கிற நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கிப் படிப்பார்கள். அதன் பிறகுதான் பெயர் எழுதப்படும்.

தேர்தல் பணி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாக்குப் பதிவு தொடங்கும் முன் காலிப் பெட்டியை ஏஜெண்டுகளிடம் கவிழ்த்துக் காட்டி, சீல் வைத்து, அவர்களிடம் கையெழுத்து வாங்குவோம். இயந்திரம் வந்த பிறகு மாதிரி வாக்குப் பதிவு நடத்திக் காட்டினோம். எல்லாம் அந்த ஐந்து விரல் விரிப்பதன் தம்பி தங்கைகள்தான். சந்தேகப்படுகிறவன் கெட்டவன் அல்ல, அவன் கண் முன்னாலேயே செய்யவேண்டும் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நினைத்திருக்கிறார்கள்.

இப்படி 30 பேர். அவர்களில் வயதும் கல்வியும் முதிர்ந்தவர்கள், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். அடுத்த 12 பேர் தோட்ட வாரியம். மீதி 6 பேர் ஏரி வாரியம். உத்திரமேரூரில் வைரமேகத் தடாகம் என்று பெரிய ஏரி. அது உடைந்தால் ஊரே போய்விடும். அதற்கென்று தனி வாரியம் வைத்ததில் ஆச்சரியமில்லை. பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று இன்னும் இரண்டு. இவர்கள் பதவி 360 நாள்தான். இடையில் குற்றம் செய்தவர் என்று தெரிந்தால் அப்போதே நீக்கிவிடலாம்.

பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஒரு விதி உண்டு. இந்த வருஷம் இடம் கிடைத்த குடும்புக்கு அடுத்த வருஷம் கிடையாது. மற்ற குடும்புகளுக்குத்தான். பார்வேட்டையில் என் உறவினர் கேட்ட சுழற்சிக்குப் பாட்டன் இதுதான்.

இனி யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பது. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றுப் பிறருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நன்றாகக் கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். நேர்மையாகச் சம்பாதித்தவராக, காரியம் தெரிந்தவராக இருக்கவேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

யார் பெயரை எழுதக் கூடாது என்ற பட்டியல் இதைவிட நீளம். பிறர் பொருளைத் திருடியவர், பெரும்பாவம் செய்தவர், பொய்க் கையெழுத்து இட்டவர், கழுதை ஏறினவர். கழுதையில் ஏற்றி ஊர்வலம் விடுவது அந்தக் காலத் தண்டனை. அந்தத் தண்டனை பெற்றவர் என்று பொருள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

ஆனால் சிரிப்பு வராத ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதக் கூடாது. அவர் மட்டுமல்ல. அவருடைய அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மைத்துனன், அக்காள் தங்கை கணவன், அவர்கள் பிள்ளைகள், தாய்மாமன், தாய்மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை, சித்தி பெரியம்மா பிள்ளைகள் என்று கல்லில் ஒவ்வொரு உறவாகச் சொல்லி, இவர்கள் யாரும் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் இத்தனை உறவு? ஒருவன் கணக்குக் காட்டாமல் இறங்கி, அடுத்த வருஷம் மைத்துனனை நிறுத்திவிட்டு அவன் பின்னாலேயே உட்கார்ந்திருப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அனுபவப்படாமல் யாரும் இப்படி எழுதமாட்டார்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 919-ல் ஒரு விதி செய்தார்கள். அதில் வயது 30-லிருந்து 60 வரை. அரசன் சார்பில் தத்தனூர் மூவேந்த வேளான் என்ற அதிகாரி உடனிருந்தார். இரண்டே வருஷம்தான். 921-ல் சபை மறுபடி கூடி, வேறொரு அதிகாரி முன்னிலையில், வயதை 35 முதல் 70 என்று மாற்றி, கூடாதவர் பட்டியலையும் விரிவாக்கினார்கள். ஊரில் உள்ள தீயவர்கள் கெட்டு, நல்லவர்கள் வளரவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். 919-க்கும் 921-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் ஓட்டை இல்லாத துணியை யாரும் தைக்கமாட்டார்கள்.

இதனால்தான் "சோழன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. அப்போதும் கெட்டதால்தான் கல்லில் வெட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபை பிராமணர் ஊரின் சபை. நிலம் இல்லாதவர்க்கு அங்கே ஓலை இல்லை. உழுதவனுக்கு, நெய்தவனுக்கு, குயவனுக்கு, பறையனுக்கு ஓலை இல்லை. எந்தப் பெண்ணுக்கும் இல்லை. குடத்தைச் செய்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகமுடியாது. என் பேத்தி அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் அவள் பெயரும் போகாது, என் பெயரும் போகாது. குடவோலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பெருமை யார் கையில் இருந்தது என்பதில் இல்லை, கணக்குக் கேட்டதில் இருக்கிறது என்கிறேன்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

காஞ்சிபுரம் நகராட்சி 1866-ல் ஏற்பட்டது. அப்போது நகராட்சி என்பது கலெக்டரின் கைப்பிடியில் இருந்த ஒன்று. 1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வந்தது. ஊர்க் காரியத்தை ஊர்க்காரர்களே பார்க்கப் பழகவேண்டும், அதற்குத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வேண்டும் என்றது அது. சென்னை மாகாணத்தில் 1884-ல் மாவட்ட நகராட்சிச் சட்டம் வந்தது. 1920-ல் அது மாற்றி எழுதப்பட்டது. நெடுங்காலம் வரி கட்டுகிறவர்க்குத்தான் ஓட்டு. கால் வேலி நிலம் என்ற சோழர் விதி வேறு உடை போட்டுக்கொண்டு வந்ததுபோல.

அந்த நகராட்சி வார்டுகள்தான் நம் தலைவர்களுக்குப் பள்ளிக்கூடம். ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர். நம் ஊர் அண்ணா, கல்லூரியில் சேரும் முன் குடும்பக் கஷ்டத்துக்காகக் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக வேலை பார்த்தார். அவர் நின்ற முதல் தேர்தலும் வார்டுத் தேர்தல்தான். 1935-ல் சென்னை மாநகராட்சிக்குப் பெத்துநாயக்கன்பேட்டை வார்டில் நீதிக்கட்சி வேட்பாளராக நின்றார். தோற்றார். 1957-ல் காஞ்சிபுரத்தில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். 1959-ல் அவர் கட்சி சென்னை மேயர் பதவியைப் பிடித்தது. அதற்கு எட்டு வருஷம் கழித்துக் கோட்டையையே பிடித்தது. வார்டுத் தேர்தலைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்கவேண்டும்.

சின்ன விஷயம் என்று நம் அரசாங்கங்கள் எப்போதும் நினைத்ததில்லை. பெரிய விஷயம் என்று நினைத்ததால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். 1973-ல் சென்னை மாநகராட்சி கலைக்கப்பட்டது. அடுத்த மேயர் வந்தது 1996-ல். மற்ற நகராட்சிகளில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1986-ல் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்தது 1996-ல்தான். 1986-ல் ஓட்டுப் போட 21 வயது ஆகவேண்டும். அந்த வருஷம் பிறந்த குழந்தை, 1996-ல் அடுத்த தேர்தல் வந்தபோது ஐந்தாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருந்தது.

1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் இதை மாற்றியது. நகராட்சிக்கு ஐந்து வருஷம். முடிவதற்குள் தேர்தல் நடத்தவேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைப்படி இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம். இட ஒதுக்கீடு சுழற்சி முறையில். தேர்தலை நடத்தத் தனியாக மாநிலத் தேர்தல் ஆணையம். 1996 அக்டோபரில் முதல் தேர்தல்.

அந்தத் தேர்தலில் நான் வாக்குச் சாவடித் தலைமை அலுவலர். தலைவருக்கு ஒரு சீட்டு, வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு. காலை ஏழு மணிக்கே ஒரு பாட்டி வந்து வரிசையில் முதலில் நின்றார். நெசவாளர் வீட்டுப் பாட்டி. உள்ளே வந்து சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பொம்பளை பேரு எது?" என்று கேட்டார். நான் சொல்லக் கூடாது. "பாட்டி, அது பெண்கள் வார்டு. எல்லாமே பெண்கள்தான்" என்று மட்டும் சொன்னேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பாட்டி ஒரு நிமிஷம் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முத்திரையை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். வெளியே வரும்போது, "எல்லாமேவா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டுப் போனார். அவர் சந்தோஷப்பட்டாரா, நம்பவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டை அதன்பின் எப்போது படித்தாலும் அந்தப் பாட்டி ஞாபகம் வரும்.

வேறொரு தேர்தலில், வேறொரு ஊரில், வாக்கு எண்ணும் பணி. ஒரு வார்டில் இரண்டு பேருக்கும் சமமான ஓட்டு. மறுபடி எண்ணினோம். மாறவில்லை. சட்டப்படி சீட்டுக் குலுக்கித்தான் முடிவு. சீட்டு யார் பேருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடியதாகக் கணக்கு. தேர்தல் அலுவலர் ஒரே அளவாக இரண்டு தாள் கிழித்து, இரண்டு பெயர் எழுதி, எல்லோருக்கும் காட்டி, ஒரே மாதிரி மடித்து, ஒரு காலி டப்பாவில் போட்டுக் குலுக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்துப் படித்தார். அதோடு விடவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த சீட்டையும் எடுத்துப் பிரித்து, அதில் மற்றவர் பெயர் இருக்கிறது என்று இரண்டு கட்சிக்காரர்களுக்கும் காட்டினார். ஐந்து விரல் விரித்துத்தான் காட்டினார். அவருக்குக் கல்வெட்டு தெரியுமோ தெரியாதோ, கை அப்படித்தான் விரிந்தது. தோற்றவர், "ஜனங்க என்னைத் தோக்கடிக்கல சார், சீட்டுதான் தோக்கடிச்சுது" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். கோபமில்லை. ஒருவிதத்தில் திருப்தியாகவே போனார்.

இதுதான் என் பேத்தியின் கேள்விக்குப் பாதிப் பதில். சீட்டுக் குலுக்கினால் சண்டை வராது என்பது உண்மை. பணமும் செல்லாது. யார் பெயர் வரும் என்று தெரியாதபோது யாருக்குக் கொடுப்பது? ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன எனக்கு, சில சமயம் குடத்தையே கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் குடத்தில் யார் பெயரைப் போடுவது என்று முதலில் ஒருவர் முடிவு செய்யவேண்டுமே. அங்கேதான் நிலமும் சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்தன. ஓட்டில் அந்தப் பாட்டிக்கு இடம் இருக்கிறது. குடத்தில் இல்லை.

மீதிப் பதிலைச் சொல்ல 2016-க்குப் போகவேண்டும்.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் திருத்தியிருந்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சுழற்சி சரியில்லை என்று வழக்கு. அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதக் கடைசியில் பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். சில மாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அதிலும் பிரிக்கப்பட்ட மாவட்டங்கள் விடுபட்டன. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களுக்கு 2021 அக்டோபரில்தான். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. ஐந்து வருஷத்துக்கு மேல் நகரத்து வார்டுகளில் கவுன்சிலரே கிடையாது. ஒரு முழுப் பதவிக்காலம் அப்படியே காணாமல் போயிற்று.

அந்த ஐந்து வருஷம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். முன்பு சொன்ன உறவினர் வீட்டில் குழித்தறி. நெய்பவர் கால் வைத்து மிதிக்கக் குழி வெட்டியிருப்பார்கள். தறியை அறிந்தவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறினால் வேலை நின்றுவிடும். ஈரத்தில் பட்டுப் பாவு கெட்டுவிடும். ஒரு ஐப்பசி மழையில் தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நிற்கிறது. கோர்வைப் புடவை. வாளியால் இறைத்துக்கொண்டே, "மாமா, முன்னாடின்னா ராத்திரியில போய் கவுன்சிலர் வீட்டுக் கதவத் தட்டுவேன். திட்டுவேன். திட்டினா நாலு ஆளக் கூட்டிட்டு வருவாரு. இப்போ யார் வீட்டுக் கதவத் தட்டுறது?" என்றார்.

அலுவலர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அரசு ஊழியனாக இருந்தவன்தான். அவர்கள் தங்களுக்குச் சொன்ன வேலையைச் செய்தார்கள். ஆனால் அந்தத் தெருவில் குடியிருக்கிறவர், அடுத்த தேர்தலில் அதே தெருவில் கைகூப்பி வரவேண்டியவர் ஒருவர் இருப்பது வேறு. நம் கவுன்சிலர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன். எவ்வளவு மோசமான கவுன்சிலர் என்றாலும், இல்லாத கவுன்சிலரைவிட மேல் என்று அந்த ஐந்து வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆயிற்று. 51 வார்டுகள். 2022-ல் தேர்தல் நடந்து, முதல் மேயராக ஒரு பெண்மணி வந்தார். மேயரை இம்முறை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மார்ச் 4-ஆம் தேதி கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறையும் மாறி மாறித்தான் வருகிறது. 1996, 2001, 2011 தேர்தல்களில் தலைவருக்கு மக்கள் நேரடி ஓட்டு. 2006-லும் 2022-லும் உறுப்பினர் வழியாக. 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று என்பதுபோல. 2024 ஜூலையில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கென்று கூட்டிய கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலரும் வராமல் தீர்மானம் விழுந்ததை நீங்கள் எல்லோரும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. உத்திரமேரூரில் சிறுபிள்ளை முதல் கிழவர் வரை எல்லோரும் மண்டபத்துக்கு வந்து உட்காரவேண்டும் என்று விதி இருந்தது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

இன்றைய சட்டத்திலும் கணக்கு உண்டு. தேர்தலில் நின்றவர் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். செய்யாவிட்டால் ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். வேட்புமனுக் கொடுப்பதற்கு முன் வீட்டு வரி பாக்கியைக் கட்ட ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மைத்துனன், மருமகன் விதி கிடையாது. கணவர் நின்ற வார்டு அடுத்த முறை பெண்கள் வார்டானால் மனைவி நிற்பார், கணவர் நாற்காலியில் உட்காருவார். எல்லா இடத்திலும் இல்லை. கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கிற பெண் கவுன்சிலர்களையும் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர்கள் கூடிக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஆனால் வார்டுக்கு என்ன பணம் வந்தது, எந்தக் கால்வாய்க்குப் போனது என்ற கணக்கை யார் கேட்கிறார்கள்? எங்கள் திருமுக்கூடலில் கிராம சபை கூடும். வரவு செலவைப் படிப்பார்கள். பாதிப் பேர் கேட்கமாட்டார்கள், ஆனாலும் படிப்பார்கள். நகரத்தில் அப்படி ஒன்று இல்லாமலே இருந்தது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று முதல்முறையாக நகரங்களில் ஏரியா சபை கூடியது. வார்டைச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்கள் உட்கார்ந்து பேசுவதற்கு. நல்ல ஏற்பாடு. என் உறவினரிடம், "உங்க ஏரியா சபைக்குப் போனியா?" என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார். குழித்தறியில் தண்ணீர் இறைத்தவர் அவர்.

ஆகவே பேத்திக்கு என் பதில் இது. கண்ணு, குடம் நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதாது. ஓட்டு நம் கையில் இருக்கட்டும், அது உன் கொள்ளுப் பாட்டிக்கு இல்லாத சொத்து. குடத்தோடு இருந்த மற்றொன்றை எடுத்துக்கொள். இறங்குகிறவன் கணக்குக் காட்டிவிட்டு இறங்கவேண்டும் என்று கேட்டார்களே, அதை. உனக்கு 18 வயது ஆக இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. கணக்குக் கேட்க வயது வேண்டாம்.

2022-ல் வந்த மன்றங்களின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. என் உறவினரிடம் வார்டு யாருக்கு என்று கேட்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அடுத்த ஏரியா சபை எப்போது என்று விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவரோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்காரப் போகிறேன். அந்த வார்டில் எனக்கு ஓட்டு கிடையாது, பேச உரிமையும் இருக்காது. ஆனால் உட்கார்ந்து கேட்கலாம். போய்வந்து என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.